வியாபாரப் படிப்பு யாருக்கு?

(சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சிற்றூரில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் "கடவுளும் மனிதனும்" என்னும் விஷயமாய்ப் பேசுவதாக நோட்டீசில் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் அதைப்பற்றி இன்று பேசப் போவதில்லை. கடவுள் எங்கும் ஓடிப்போய்விட மாட்டார். அடுத்த மாதம் வந்தும் பேசிக்கொள்ளலாம். (சிரிப்பு) வருகிற புதன்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டிய காரியம் ஒன்று இவ்வூரில் இருக்கிறது. அதைப்பற்றியே பேசலாமென்று நினைக்கிறோம். நாம் சொல்லுவதையெல்லாம் நீங்கள் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாயிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பாயிருந்தால் எழுந்து நின்று கேளுங்கள்.

இன்று பகல் நாம் தங்கியிருந்த இடத்திற்கு இவ்வூர்த் தோழர் ஒருவர் வந்தார். கட்டட வேலை செய்பவர். அவருடைய மனைவியார் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அவர்களுக்கு ஒரே பெண். அந்தப் பெண் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வணிகப் பிரிவெடுத்து 12-ஆம் வகுப்பு தேறி, சர்க்கார் கல்லூரியில் பி.காம். படிப்பதற்கு இடமும் வாங்கிவிட்டது. புதன்கிழமைக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். தகப்பனாரோ சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு வாரமாய்த் தூங்காமல் இருக்கிறார். காரணம் என்னவென்று விசாரித்ததில், சொந்தக்காரர்கள் மூன்று ஆக்ஷேபணை சொல்லுகிறார்களாம். வியாபாரக் கணக்கெல்லாம் அந்த ஜாதிக்காரனுக்குத்தான் வரும், நமக்கு வராது என்பது ஒன்று. பெண்ணின் ஜாதகப்படி 19 வயதுக்குள் கலியாணம் செய்யாவிட்டால் 27 வரையில் ஆகாது என்பது இன்னொன்று. பி.காம். படித்த பக்கத்துத் தெருப் பையன் இன்று சைக்கிள் மோட்டாரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறானே, அதற்கா மூன்று வருஷம் என்பது கடைசி ஒன்று. "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் அய்யா" என்றார். உங்கள் வீட்டுச் சங்கதியைக் கூட்டத்திலேயே பேசலாமா என்று கேட்டோம். பேர் சொல்லாமல் பேசுங்கள் என்று சம்மதித்தார். அதனால் பேசுகிறோம்.

முதல் ஆக்ஷேபணையை எடுத்துக்கொள்வோம். வியாபாரம் பிறவியில் வருவது என்கிறார்கள். தோழர்களே! இது வீட்டுக் கிழவி சொன்ன வார்த்தையல்ல. மனுதர்மத்தில் எழுதிவைத்த வார்த்தை. வியாபாரமும் வட்டிக்குக் கொடுப்பதும் வைசியனுக்கு என்று அதில் சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். சூத்திரன் சம்பாதிக்கச் சக்தியுள்ளவனாயிருந்தாலும் பொருள் சேர்த்து வைக்கக்கூடாது என்றும் பத்தாவது அத்தியாயத்தில் இருக்கிறது. சக்தியில்லாதவன் என்று கூட அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சக்தி இருந்தாலும் கூடாது என்றே எழுதினார்கள். ஆகவே "நமக்குக் கணக்கு வராது" என்று இன்று நம்மவர்களே சொல்லிக்கொள்வது, அந்த மனு சொல்லத் துணியாத இழிவையும் சேர்த்துத் தம் தலையில் தாமே சுமத்திக்கொள்வதாகும்.

அதே நூலின் எட்டாவது அத்தியாயத்தில் வட்டிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 2, 3, 4, 5 என்று ஜாதி வரிசைப்படி வாங்கலாமாம். மேல் ஜாதிக்கு 2, கடைசி ஜாதிக்கு 5. ஒரு 10,000 ரூபாய் கடனுக்குக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு வட்டி, பிராமணன் கொடுக்க வேண்டியது 2,400 ரூபாய். சூத்திரன் கொடுக்க வேண்டியது 6,000 ரூபாய். வாங்கிய பணம் ஒன்றே, வருஷமும் ஒன்றே. 3,600 ரூபாய் வித்தியாசம் எதற்கு? பிறந்ததற்கு! இந்தக் கணக்கை நம் பாட்டன் முப்பாட்டனில் ஒருவன் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தால், சாஸ்திரத்தின் யோக்கியதை என்றைக்கோ சந்திக்கு வந்திருக்கும். அதனால்தான் கணக்கு அவனுக்கு வராது என்று சொல்லி வைத்தார்கள்.

பிறவியில் வருகிறதா என்பதற்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம் பார்ப்போம். வட்டிக் கடை, கொடுக்கல் வாங்கல் என்றால் யாரும் முதலில் சொல்வது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை. அவர்கள் வீட்டுப் பையன் தாய் வயிற்றிலிருந்தே பேரேடு எழுதிக்கொண்டா பிறந்தான்? இல்லை. சிறு வயதிலேயே அவனை உட்காரவைத்து முந்திரி, காணி, மா, மாகாணி என்று பின்ன வாய்ப்பாட்டை உருப்போடச் செய்தார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. பிறகு பர்மாவுக்கோ மலேயாவுக்கோ அனுப்பி, கடையில் பெட்டியடிப் பையனாக வைத்தார்கள். அதற்குமேல் அடுத்த ஆள், அதற்குமேல் ஏஜெண்டு என்று படிப்படியாக ஏறவேண்டும். ஏஜெண்டுக்குத் தவணை மூன்று வருஷம். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். இது ஒரு கல்லூரியல்லாமல் வேறென்ன? பி.காம். படிப்பும் மூன்று வருஷந்தானே! வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கல்லூரியில் சேர அந்த ஜாதியில் பிறக்க வேண்டும். வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே சொல்லிக்கொடுத்தார்கள். சாத்தியிருந்த வாசலுக்கு வெளியே நின்றவனைப் பார்த்து, "உனக்குப் பிறவியிலே வராது" என்றால் அதற்கு என்ன பேர்? அந்தச் செட்டியார்களிலேயே பெரிய தனவந்தரான அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929-ல் சர்வகலாசாலை ஏற்பட வழி செய்தார். இரத்தத்திலேயே கல்வி ஓடுகிறதென்று அவரே நம்பியிருந்தால் அந்தக் காரியத்துக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டார்.

வியாபாரத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. 1886-லேயே சென்னையில் பச்சையப்பன் தர்ம ஸ்தாபனத்தார் வியாபாரப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1913-ல் பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரி இதற்கென்றே ஏற்பட்டது. ஆனால் அங்கெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள் போயிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1953-ல் கூட, சென்னை ராஜ்யத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்திலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று திட்டம் போட்டார்கள். நாடே எதிர்த்துக் கிளம்பியதால் 1954-ல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால், இந்தக் கொத்தனார் தோழரின் பெண் இன்று சாந்துச் சட்டி தூக்கக் கற்றுக்கொண்டிருக்கும். செய்முறைத் தொழிற்கல்வி என்று அன்று அதற்கும் பேர் சொன்னார்கள். வேலைக்கு உபயோகமான படிப்பு வேண்டுமென்பது நியாயமே. ஆனால் எந்த வேலை என்பதைப் பிறப்பு தீர்மானித்தால் அது படிப்பல்ல, விலங்கு.

நாம் சிறு வயதில் ஒரு நெல் மண்டியில் எடை போடும் பையனாயிருந்தோம். மூட்டையை எண்ணுவோம், எண்ணி வாயால் சொல்லுவோம், எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை. ஒருநாள் பேரேட்டைத் தொட்டுப் புரட்டியதற்குக் கன்னத்தில் அறை வாங்கினோம். விஜயதசமியன்று அந்தப் புத்தகத்துக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அதைப் பார்த்து, உள்ளே ஏதோ மந்திரந்தான் எழுதியிருக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தோம். முப்பது வயதுக்குமேல் பழைய புத்தகக் கடையில் ஒரு பி.காம். பாடப்புத்தகத்தை 40 ரூபாய்க்கு வாங்கி, இராத்திரியில் விளக்கை வைத்துக்கொண்டு படித்தோம். ஆறு மாதத்தில் பேரேட்டின் மர்மம் புரிந்துபோயிற்று. மர்மம் இவ்வளவுதான்: ஒருவனிடமிருந்து போனது இன்னொருவனிடம் வந்தாக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு காரியத்தையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும், ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு. இரண்டு பக்கமும் கூட்டினால் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு, அல்லது திருட்டு.

இந்த இரட்டைப் பதிவு முறையை முதன்முதல் புத்தகத்தில் விளக்கி அச்சிட்டவர் இத்தாலி தேசத்துப் பாதிரி ஒருவர், லூக்கா பசியோலி என்பது பேர். வெனிஸ் பட்டணத்தில் 1494-ல் அச்சாயிற்று. அவர் பாதிரியானபடியால், கணக்குப் புத்தகத்தின் தொடக்கத்தில் கடவுள் பேரைச் சொல்லிச் சிலுவைக் குறி போடும்படி அதில் புத்தி சொல்லியிருக்கிறார். நம்மவர்கள் பிள்ளையார் சுழி போட்டு 'லாபம்' என்று எழுதுகிறார்களல்லவா, அதுபோல. இன்று உலகமெல்லாம் அவர் எழுதிய முறைப்படியே கணக்கு எழுதுகிறது. சிலுவையை மட்டும் விட்டுவிட்டது. அதனால் ஐந்தொகை எங்காவது ஒத்துப்போகாமல் நின்றுவிட்டதா? சுழி போட்டாலும் சிலுவை போட்டாலும், பற்றில் பத்து ரூபாய் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். பிள்ளையார் வந்து கூட்டல் போட மாட்டார். (சிரிப்பு) வருஷமெல்லாம் நஷ்டம் வந்து மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவன் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் 'லாபம்' என்றுதான் எழுதியிருக்கிறது; வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

சரி, இந்தப் படிப்பு அந்த இட்லிக் கடைக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். இன்று பகல் நாம் அதையே செய்து பார்த்தோம். அந்தப் பெண்ணும் வந்திருந்தது. தாயாரை, ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு என்று கேட்டோம். 2,400 ரூபாய் என்றார். அரிசி, உளுந்து, காஸ், சட்னிச் சாமான், இலை எல்லாம் சேர்த்து 1,600. மீதி 800 லாபம் என்று சந்தோஷமாய்ச் சொன்னார். காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டோம். மூன்று மணி, கடையை ஒழிக்கப் பதினொன்று ஆகும். எட்டு மணி நேரம். இதே வேலையை வேறொருவர் கடையில் போய்ச் செய்தால் என்ன கொடுப்பார்கள்? 500 கொடுப்பார்கள் என்றார். பெண் இரண்டு மணி நேரம் மாவாட்டிக் கொடுக்கிறது, அதற்கு 100. வாசல் அறையை வாடகைக்கு விட்டால் நாளொன்றுக்கு 100 வரும். கிரைண்டரும் பாத்திரமும் தேய்கிறதற்கு 20. ஆக 720. 800-ல் 720 போனால் மீதி 80. அதுதான் லாபம், அம்மா. மற்றதெல்லாம் உங்கள் கூலி என்றோம். அந்த அம்மாள் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்போ இருபது வருஷமா எனக்கு நானே கூலி கொடுக்காம வேலை செஞ்சிருக்கேன்" என்றார். தோழர்களே! பல்கலைக்கழகத்தில் அடக்கவிலைக் கணக்கு என்று ஒரு வருஷம் சொல்லிக்கொடுப்பதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பெண்கள் வீட்டுக்குள் செய்கிற வேலைக்கு விலையில்லை என்று நாம் மேடையில் மணிக்கணக்காய்ப் பேசுவதும் இதைத்தானே!

அதோடு முடியவில்லை. தண்டல் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டோம். வாங்கியிருக்கிறார். கையில் கொடுத்தது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். நூற்றுக்குப் பதினைந்து வட்டிதானே, பரவாயில்லை என்று நினைத்திருக்கிறார். உண்மை என்ன? 8,500-ம் அவரிடத்தில் நூறு நாளும் இருக்கவில்லை. தினம் கட்டிக்கொண்டே வருவதால், ஐம்பதாவது நாளில் பாதிதான் மீதி. சராசரி பார்த்தால் அவர் கையிலிருந்தது 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி. வருஷத்தில் இப்படி மூன்றரைத் தடவைக்குமேல் வருகிறது. கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு வருஷம் 120-க்குக் குறையாது. மனு கடைசி ஜாதிக்குப் போட்ட வட்டியே 60 தான்! தண்டல்காரர் மனுவையும் தோற்கடித்துவிட்டார். அவருடைய ஒரே நல்ல குணம், எல்லா ஜாதிக்கும் ஒரே வட்டி போடுவது. (சிரிப்பு) கந்து வட்டியைத் தடுக்க நம் ராஜ்யத்தில் 2003-லேயே சட்டம் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் தான் கொடுப்பது 15-ஆ 120-ஆ என்று தெரியாதவருக்குச் சட்டம் என்ன செய்யும்? இந்தக் கணக்கை 12-ஆம் வகுப்புப் படித்த அந்தப் பெண்ணே காகிதத்தில் போட்டது. நாம் வழிதான் காட்டினோம்.

இரண்டாவது, ஜாதகம். இந்தப் படிப்பில் இன்ஷூரன்ஸ் என்று ஒரு பாடம் வருகிறது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய் நீங்கள் ஜாதகத்தை நீட்டிப் பாருங்கள், வாங்கமாட்டான். வயது என்ன, வியாதி உண்டா, புகையிலை உண்டா என்றுதான் கேட்பான். ஏனென்றால் அவன் சொந்தப் பணம் அதில் இருக்கிறது! ஜோசியன் சொல்லுவது தப்பினால் ஜோசியனுக்கு நஷ்டமில்லை. கம்பெனிக்காரனுக்குத் தப்பினால் கடை மூடவேண்டியதுதான். ஆதலால் அவன் செத்தவர்களின் வயதைக் கணக்கெடுத்து அட்டவணை போட்டிருக்கிறான். அப்படிப்பட்ட அட்டவணையை 1693-ல் பிரெஸ்லா என்னும் பட்டணத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்துச் செய்தவர் எட்மண்ட் ஹாலி. யார் இந்த ஹாலி? வால்நட்சத்திரத்துக்குப் பேர் இருக்கிறதே, அதே ஹாலி. வால்நட்சத்திரம் தோன்றினால் ராஜா சாவான் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த காலத்தில், அது 1758-ல் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு அவர் இறந்துபோனார், அப்படியே வந்தது. ராஜா எப்போது சாவான் என்பதற்கு ஆகாயத்தைப் பார்க்காமல் ஊர்ச் சாவுப் பதிவைப் பார்க்கவேண்டும் என்று காட்டியவரும் அவரே. இந்தப் பெண் 27 வயது வரையில் கலியாணமில்லாமல் இருக்குமென்று ஜோசியர் சொன்னாராம். இருந்தால் என்ன? 21-ல் பட்டம் வாங்கி, 27 வரையில் ஆறு வருஷம் சம்பாதிக்கட்டும். கிரகங்களுக்கே நல்ல புத்தி வந்து வழிவிட்டிருக்கும்போது தகப்பனார் ஏன் தடுக்க வேண்டும்? (சிரிப்பு, கைதட்டல்)

பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. 1933-லேயே, சென்னையைச் சேர்ந்த சிவபோகம் என்கிற அம்மையார் சர்க்கார் கணக்காளர் பரீட்சையில் தேறி, இந்தியாவிலேயே முதல் பெண் கணக்காளர் ஆனார். செங்கற்பட்டில் 1929-ல் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்கு ஆணைப்போலச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். அது இந்த ராஜ்யத்தில் சட்டமானது 1989-ல். இந்தியா முழுமைக்கும் 2005-ல். சொத்து கையில் வந்து, அதன் கணக்கு மாத்திரம் அண்ணன் தம்பி கையிலும் புருஷன் கையிலும் இருந்தால் வந்த சொத்து நிற்குமா? 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை இந்தப் பெண் முதல் வருஷத்திலேயே படிக்கும். ஒப்பந்தம் செய்ய யோக்கியதை யாருக்கு என்றால், வயது வந்திருக்க வேண்டும், சித்த சுவாதீனம் இருக்க வேண்டும், சட்டம் எதுவும் தடுத்திருக்கக் கூடாது என்றுதான் அதில் போட்டிருக்கிறது. ஜாதியும் கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. நம் புராணம் முழுவதையும் தேடினாலும் இவ்வளவு யோக்கியமான ஒரு வாக்கியம் கிடைக்காது.

பணத்துக்கு வழியில்லை என்று தகப்பனார் சொன்னார். நாம் விட்டுவிடவில்லை. பெண் பெரிய மனுஷியானதற்குச் சடங்கு செய்தீர்களே, என்ன செலவு என்று கேட்டோம். பந்தல், சாப்பாடு, பட்டுப்புடவை, போட்டோ, ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம். அதில் எண்பதாயிரம் கடன். இன்னும் வட்டி போய்க்கொண்டிருக்கிறது. இயற்கையாய் உடம்பில் நடக்கிற ஒரு காரியத்தை ஊருக்குத் தெரிவிக்கக் கடன் கிடைத்தது. கல்லூரியில் கட்டும் சில ஆயிரத்துக்கு வழியில்லை! சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் ஆரம்பிக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு 2024-ல். இவற்றையெல்லாம் பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். கோவில் உண்டியலைக் கேட்காதீர்கள்.

மூன்றாவது ஆக்ஷேபணைதான் கொஞ்சம் நியாயமுள்ளது. படித்தவன் பொட்டலம் சுமக்கிறான் என்பது பொய்யல்ல. ஆனால் அந்தப் பையனை நாம் விசாரித்தோம். மூன்று வருஷத்தில் அவன் ஒரு கடைக் கணக்கையும் தொட்டதில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் நோட்ஸ் வாங்கி உருப்போட்டு, ஹால் டிக்கெட்டைச் சாமி காலில் வைத்து எடுத்துக்கொண்டு போய் எழுதித் தேறியிருக்கிறான். செக்கு எழுதத் தெரியவில்லை. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. பில் ஒன்றைக் காட்டினோம், அதில் வரி எது விலை எது என்று தெரியவில்லை. குற்றம் அவனுடையது மாத்திரமல்ல. வியாபாரத்தை வேதம்போல ஒப்புவிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சைக்கிள் விடுவதைப் புத்தகத்தில் படித்தவன் போலத்தான் அவன் வெளியில் வந்தான். பொட்டலம் சுமப்பது இழிவுமல்ல. படித்தது சுமக்கவும் உதவவில்லையே என்பதுதான் விசனம்.

இன்னொரு பித்தலாட்டத்தையும் சொல்லவேண்டும. வெறும் பி.காம். என்றால் கூட்டம் வராது என்று, அதற்கு வால் வாலாகப் பேர் சூட்டி, அதற்கொரு விலை வைத்து விற்கும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டடத்தையும் நோட்டீசையும் பார்த்து மயங்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம், அதற்கு அங்கீகாரம் உண்டா, கணக்கும் சட்டமும் புள்ளிவிவரமும் முழுதாய் உண்டா, படிக்கும்போதே வெளியில் கடையிலோ கம்பெனியிலோ வேலை பழக அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பேரைப் பார்த்துப் பணம் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1906-ல் சென்னையில் நடந்ததே போதும். அர்பத்நாட் கம்பெனி என்றால் வெள்ளைக்கார துரைகளின் கம்பெனி, அசையாது என்று நம்பி, ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டார்கள். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டான். துரை ஜெயிலுக்குப் போனான். போட்டவர்கள் பணம் போனது போனதுதான். அந்த இடியிலிருந்து தெளிந்துதான் 1907-ல் இந்தியன் பாங்க் ஏற்பட்டது. கம்பெனியின் ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த பெண் ஒன்று வீட்டுக்கு வீடு இருந்தால், அதிக வட்டி தருகிறேன் என்று ஊர் ஊராய் வருகிறவன் முதல் தெருவிலேயே திரும்பிப் போவான்.

ஒரு தோழர் இப்போது சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "பெரியார் எந்தக் காலேஜில் பி.காம். படித்தார்? ஈரோட்டில் வியாபாரம் செய்து ஜெயிக்கவில்லையா?" என்று. நல்ல கேள்வி. பெரியார் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனார் கடையில் உட்கார்ந்தார் என்பது உண்மை. அவருக்கு உட்காரத் தகப்பனார் கடை இருந்தது! சீட்டு எழுதின தோழரே, உங்கள் தகப்பனாருக்கு மண்டி இருக்கிறதா? (சிரிப்பு) இல்லாதவனுக்குத்தான் கல்லூரி. கடைசி மூச்சு வரையில் காலணாவுக்கும் கணக்கு வைத்தவர் அவர் என்பதையும் மறக்கவேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொன்னோம். படிக்கிற மூன்று வருஷமும் தாயாரின் இட்லிக் கடைக் கணக்கை நீயே எழுது. இரண்டாவது வருஷம் இத்தெருவிலுள்ள மளிகைக் கடை, தையல் கடைக் கணக்கையும் கேட்டு வாங்கி எழுது. கூலி கேட்டு வாங்கிக்கொள், இனாமாய் எழுதாதே. இங்கிலீஷ் வராதே என்று பயப்படாதே. பற்றும் வரவும் எந்தப் பாஷையிலும் ஒத்துவந்தால் சரிதான். சரி என்றது.

மணி ஒன்பதாகப் போகிறது. கடைசி பஸ் இருக்கிறது. தகப்பனார் தோழர் முன் வரிசையில்தான் இருக்கிறார். புதன்கிழமை வரை ஏன், நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கொஞ்சம் முன்புதான் சீட்டு எழுதி அனுப்பினார். (நீண்ட கைதட்டல்) நாளைக் காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். அந்த நேரத்திலேயே புறப்படும்படி கேட்டுக்கொள்கிறோம். பஸ்ஸில் இடமாவது கிடைக்கும்.

யாரும் எழுந்து போய்விடாதீர்கள். இக்கூட்டத்துக்கு வசூலான தொகை, பந்தல், ஒலிபெருக்கி, நோட்டீஸ் செலவு எல்லாவற்றையும் அந்தப் பெண் பற்று வரவு வைத்து எழுதியிருக்கிறது. நமக்குக் காட்டியதில் பன்னிரண்டு ரூபாய் உதைக்கிறது. அது எங்கே போயிற்று என்று காரியதரிசித் தோழர் சொல்லவேண்டும். பெண் இப்போது மேடைக்கு வந்து கணக்கைப் படிக்கும், உட்கார்ந்து கேளுங்கள்.